மூண்டுகடையரின் இடது கால்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் முதலில் சொன்ன விலைக்குக் கத்தரிக்காய் வாங்காதவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், இருக்கிறார்கள், இனியும் இருப்பார்கள். ஆனால் தன்னுடைய சொந்தக் காலையே மூன்று இடத்தில் காட்டி விலை கேட்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவருக்கு ஊர் வைத்த பெயர் மூண்டுகடையர். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்றும் இருந்திருக்கும். தபால்காரருக்கே அது மறந்துபோயிருந்தது.

இணுவிலில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் அவருடைய வீடு. தொழில் புகையிலைத் தோட்டம். விளைந்ததில் கணிசமான பங்கு சுருட்டாகி அவருடைய வாயிலேயே புகைந்து முடிந்தது. மற்றவர்கள் வெள்ளிக்கிழமையில் மீன், இறைச்சி என்று மச்சம் சாப்பிடாமல் இருப்பதுபோல, மூன்று கடை பார்க்காமல் ஒரு பொருளையும் வாங்குவதில்லை என்பது அவருடைய விரதம். இடுப்பில் உடுக்கிற ஒரு சாரம் வாங்குவதற்கு விடியவே டவுனுக்குப் போவார். முதல் கடையில் விரித்து, மடித்து, மணந்து, வெயிலில் பிடித்துப் பார்த்து, நல்ல சாரம் என்று கடைக்காரரைப் புகழ்ந்துவிட்டு இரண்டாவது கடைக்கு நடப்பார். அங்கிருந்து மூன்றாவது கடை. கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வருவார். அதற்குள் அந்தச் சாரத்தை வேறு யாராவது வாங்கிப் போயிருப்பார்கள். அவருக்கு அதில் கவலையே இல்லை. வாங்கியவன் அவசரப்பட்டுவிட்டான் என்று அவனுக்காகத்தான் வருத்தப்படுவார்.

கல்யாணமும் இப்படித்தான் நடந்தது. மூன்று வீட்டில் பெண் பார்த்துவிட்டு, முதல் வீட்டுக்கே திரும்பிப்போய் மனோன்மணி அக்காவைக் கட்டினார். அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பலகாரம் இரண்டாவது வீட்டில்தான் திறம் என்று கல்யாணப் பந்தலிலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பயித்தம் பணியாரம் சுடப்படவில்லை என்று ஊரில் கதை.

சண்டைக் காலத்தில் இந்தப் பழக்கம் அவரைக் கொல்லாமல் விட்டது பெரிய ஆச்சரியம். குண்டு போடுகிற பிளேனின் சத்தம் கேட்டால் ஒழுங்கை முழுவதும் மண்ணுக்குள் வெட்டிய பங்கருக்குள் பாயும். மூண்டுகடையர் மட்டும் முதலில் தன் வீட்டுப் பங்கரை எட்டிப் பார்ப்பார். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து மேலே அடுக்கிய பனங்குற்றிகளைத் தட்டிப் பார்ப்பார். அடுத்தது வாசிகசாலைக்குப் பின்னால் வெட்டியிருந்தது. மூன்றையும் ஆராய்ந்து, தன் வீட்டுப் பங்கரே திறம் என்ற முடிவோடு அவர் திரும்பும்போது பிளேன் போய்விட்டிருக்கும். நாங்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே வருவோம். அவர் உள்ளே இறங்குவார். பார்த்துத் தெரிவு செய்ததை விட்டுவிடக்கூடாது என்று ஒரு சுருட்டு முடியும்வரை அதற்குள் இருந்துவிட்டுத்தான் வருவார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு நோய் வந்தால் அது வேறு எங்கே வரும். காலில்தான் வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். மருதனார்மடம் சந்தையில் இரண்டாவது கடைக்கும் மூன்றாவது கடைக்கும் இடையில் அவருடைய இடது கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்தது. நின்றார். கொஞ்ச நேரத்தில் நோவு போய்விட்டது. நடந்தார். திரும்பவும் பிடித்தது. நடந்தால் நோவு, நின்றால் சுகம். அதனால் எந்தக் கடைக்கு முன்னால் பிடிக்கிறதோ அங்கேயே ஒன்றும் பேசாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். வியாபாரிகள் அதைத் தப்பாக விளங்கிக்கொண்டார்கள். இவர் விலை பிடிக்காமல் நிற்கிறார் என்று நினைத்து அவர்களாகவே குறைத்தார்கள். பேசாமல் நின்றால் விலை குறையும் என்று கண்டுபிடித்த மூண்டுகடையருக்குக் கால் நோவு ஒரு வரப்பிரசாதமாகிவிட்டது. மாதக்கணக்காக அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. பெருவிரல் கறுத்து, மணக்கத் தொடங்கிய பிறகுதான் மனோன்மணி அக்கா கண்டுபிடித்தார். கண்டுபிடித்த கையோடு அவரைச் சைக்கிள் கரியரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து இறக்கினார்.

நான் அப்போது ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுக்கிற வேலையில் இருந்தேன். எக்ஸ்றே எடுப்பதைவிட, எடுக்க முடியாது என்று ஆட்களுக்குச் சொல்வதுதான் அந்த நாட்களில் என் வேலையாக இருந்தது. கரண்ட் இல்லை. ஜெனறேற்றருக்கு எண்ணெய் அளந்துதான் கிடைக்கும். படச்சுருள்களைத் தங்கம்போலப் பூட்டி வைத்திருந்தோம். எங்கள் சேர்ஜன் வெளிநாட்டில் இரத்தக்குழாய் ஒப்பரேசன் படித்துவிட்டு, அங்கே இருந்திருந்தால் காரும் வீடுமாக வாழ்ந்திருக்கக்கூடிய மனிதர். இங்கே வந்து சைக்கிளில் திரிந்தார். குறைவாகவே கதைப்பார். கதைத்தால் வெட்டொன்று துண்டு இரண்டுதான்.

அவர் மூண்டுகடையரின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். பனிக்கட்டிபோலக் குளிர்ந்திருந்தது. நாடித்துடிப்பு கைக்கு அகப்படவில்லை. சுருட்டுப் புகை வருடக்கணக்காகச் செய்த வேலை இது, காலுக்குப் போகிற இரத்தக்குழாய் ஒடுங்கிவிட்டது என்றார். எந்த இடத்தில் ஒடுங்கியிருக்கிறது, அதற்குக் கீழே குழாய் நன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கீழே நல்ல குழாய் இருந்தால் தொடையிலிருந்து ஒரு நாளத்தை எடுத்துத் தைத்து, அடைப்பைச் சுற்றி இரத்தத்தைக் கொண்டுபோகலாம். இல்லாவிட்டால் முழங்காலோடு காலை எடுக்கவேண்டியதுதான்.

அதற்கு விடை தேடிப் போன முதல் கடை சத்தம் கேட்கிற மெசின். பேனாவைப் போல ஒரு குச்சி, அதோடு ஒரு சின்னப் பெட்டி. குச்சியைத் தோலில் வைத்தால் உள்ளே இரத்தம் ஓடுகிற சத்தம் பெட்டியில் கேட்கும். சேர்ஜன் வெளிநாட்டிலிருந்து தன் உடுப்புப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தது அது. ஆனால் அதற்குப் பற்றரி வேண்டும், யாழ்ப்பாணத்துக்குள் பற்றரி வருவதை அரசாங்கம் தடைசெய்திருந்தது. ஊரெல்லாம் றேடியோ கேட்ட முறைதான் எங்களுக்கும் கைகொடுத்தது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, நான் பெடலைக் கையால் சுற்றினேன். குச்சிக்குப் பூசுகிற களியும் முடிந்துபோயிருந்தது. நேர்ஸ் ஒருவர் செவ்வரத்தை, அதாவது செம்பருத்தி இலையைக் கசக்கி வழுவழுவென்று ஒரு சாறு எடுத்துத் தந்தார். தலைக்குத் தோய வார்க்கப்போகிறார்கள் என்று மூண்டுகடையர் நினைத்துத் தலையைக் குனிந்தார்.

தொடையில் வைத்தபோது சத்தம் திடும் திடுமென்று வந்தது. முழங்காலுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. கணுக்காலின் உட்பக்கத்தில் சேர்ஜன் குச்சியை அரக்கி அரக்கித் தேடினார். என் கை ஓய்ந்துபோகிற நேரத்தில், சூடான தேத்தண்ணியை யாரோ ஊதுவதுபோல ஒரு மெல்லிய சத்தம் வந்தது. உஸ், உஸ், உஸ். மூண்டுகடையர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, உது சைக்கிளோ, என்ரை காலோ?"

"உங்கடை கால்தான் அண்ணை."

"அப்ப கால் உயிரோடை கிடக்கு" என்றார். அந்த ஒரு சத்தத்தை அவர் பிறகு விடவே இல்லை.

இரண்டாவது கடை என்னுடையது. இடுப்பு மடிப்பில் ஊசி குத்தி, எக்ஸ்றேயில் வெள்ளையாகத் தெரிகிற சாயமருந்தை இரத்தக்குழாய்க்குள் விடுவது. மருந்து ஓடுகிற வழியெல்லாம் படத்தில் கோடாக விழும். கப்பலில் எப்போதாவது வந்து சேர்கிற மருந்து அது. ஜெனறேற்றரைப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தோம். தொடையில் நல்ல வெள்ளைக் கோடு. முழங்காலுக்கு மேலே அது பட்டென்று நின்றது. அந்த இடத்திலிருந்து ஆட்டுத்தாடிபோலச் சின்னச் சின்னக் குழாய்கள். அதற்குக் கீழே கணுக்கால் வரைக்கும் ஒன்றுமே இல்லை.

சேர்ஜன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நீண்ட நேரம் பார்த்தார். பிறகு மூண்டுகடையருக்குப் பக்கத்தில் இருந்து, கீழே தைப்பதற்குக் குழாய் இல்லை, காலை எடுக்கவேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். மனோன்மணி அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். மூண்டுகடையர் படத்தை வாங்கி, சாரத்தைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, இந்தக் கடையிலை றோட்டு இல்லையெண்டு சொல்லுகினம். மற்றக் கடையிலை வாகனம் ஓடுற சத்தம் கேட்டது. ரண்டு கடையிலை ரண்டு விலை. மூண்டாவதைப் பாக்காமல் நான் என்னெண்டு முடிவெடுக்கிறது?"

"இஞ்சை பாருங்கோ, இது கத்தரிக்காய் இல்லை. கால்."

"அதுதான் ஐயா சொல்லுறன். கத்தரிக்காய்க்கே மூண்டு கடை பாக்கிறனான்."

சேர்ஜன் எழுந்து போய்விட்டார். கோபத்தில் இல்லை. படமும் சத்தமும் ஒன்றோடொன்று முட்டுகின்றன என்பது எங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். இரண்டையும் ஒன்றாகக் காட்டுகிற ஸ்கான் மெசின் கொழும்பில் இருந்தது. கொழும்புக்குப் போவதென்றால் படகில் கடல்நீரேரியைக் கடக்கவேண்டும், அந்தப் படகுகளுக்குத் துப்பாக்கிச் சூடு விழுகிற காலம் அது. நல்ல காலோடு போனவர்களே திரும்பி வரவில்லை. அதைவிட, விரலின் கறுப்பு பாதத்துக்கு ஏறத் தொடங்கியிருந்தது. உடம்பு காய்ந்தது. இன்னும் இழுத்தடித்தால் காலைப் பற்றிக் கதைக்க ஆள் இருக்காது என்று சேர்ஜன் என்னிடம் தனியாகச் சொன்னார்.

நான் போய் அதை அவருக்குச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். மூண்டுகடையர் வாட்டுக் கட்டிலை விட்டிறங்கி, எக்ஸ்றே அறை வாசலில் கிடந்த நீட்டு மர வாங்கில் வந்து குந்திவிட்டார். காய்ச்சல் உடம்போடு, போர்வையைச் சுற்றிக்கொண்டு, பற்றவைக்காத சுருட்டு ஒன்றைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு இருந்தார். சுருட்டு குடிக்கவே கூடாது என்று சேர்ஜன் சொல்லியிருந்தார். வாயில் வைக்கக்கூடாது என்று சொல்லவில்லையாம்.

அந்த வாங்கில் இருந்துகொண்டு என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். படத்தில் ஏன் தெரியவில்லை, சத்தத்தில் ஏன் கேட்டது. நானும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சாயமருந்தை இரத்தம்தான் சுமந்துகொண்டு போகிறது. பெரிய றோட்டு அடைபட்டால் இரத்தம் ஒழுங்கைகளுக்குள்ளால் சுற்றி மெதுவாகத்தான் போய்ச் சேரும். போய்ச் சேருகிறபோது மருந்து கரைந்து இல்லாமல் போயிருக்கும், அல்லது நாங்கள் அதற்கு முன்னமே படத்தை எடுத்து முடித்திருப்போம். எடுத்துக்கொண்டே இருப்பதற்குப் படச்சுருளும் இல்லை. ஆனபடியால் படத்தில் இல்லை என்பதற்காகக் காலில் இல்லை என்று சொல்ல முடியாது. அதேபோலச் சத்தம் கேட்டது என்பதற்காக, அங்கே தைக்கக்கூடிய நீளமான நல்ல குழாய் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

"அப்ப ஒருத்தனுக்குக் காது கேளாது, மற்றவனுக்குக் கண் தெரியாது" என்றார். "ரண்டு பேரும் சேந்து என்ரை காலுக்குச் சாட்சி சொல்லுறாங்கள்."

பக்கத்தில், டவுனுக்கு அடுத்த கொழும்புத்துறையிலிருந்து கை முறிந்து வந்த மீன்பிடிக்காரர் ஒருவர் இருந்தார். அவரையும் இந்த வழக்குக்குள் இழுத்துவிட்டார். அந்த மனிதர் யோசித்துப் பார்த்து, கலங்கின தண்ணீரில் மீன் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வலை அசைந்தால் மீன் கிடக்கிறது என்றுதான் அர்த்தம் என்றார். மூண்டுகடையரின் முகம் மலர்ந்தது. மலர்ந்து முடிவதற்குள், அது எவ்வளவு பெரிய மீன் என்று வலையைத் தூக்கினால்தான் தெரியும் என்றும் அந்த மனிதரே சேர்த்துச் சொல்லிவிட்டார்.

சேர்ஜன் வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. அவர் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இரவெல்லாம் தானும் அதைத்தான் யோசித்ததாகச் சொன்னார். மூன்றாவது கடை ஒன்று உண்டு. ஒப்பரேசன் தியேட்டரில் ஊசி போட்டுக் காலை மரக்கப்பண்ணி, சத்தம் கேட்ட இடத்தில் கணுக்காலைக் கொஞ்சம் வெட்டி, அந்தக் குழாய்க்குள்ளேயே நேரடியாகச் சாயமருந்தை விட்டு ஒரு படம் எடுப்பது. மருந்து சுற்றி வரவேண்டியதில்லை, வழியில் கரையவும் மாட்டாது. குழாய் நன்றாக இருந்தால் அங்கேயே நாளத்தைத் தைத்துவிடலாம். இல்லாவிட்டால் அதே மேசையில், அதே மூச்சில், காலை எடுக்கவேண்டும். இரண்டுக்கும் இப்போதே சம்மதம் சொல்லவேண்டும்.

"மூண்டாவது கடைக்குப் பிறகு நாலாவது கடை இல்லை" என்றார் சேர்ஜன்.

மூண்டுகடையர் வாயிலிருந்த சுருட்டைக் கையில் எடுத்தார். அதை உருட்டிக்கொண்டு, ஒற்றைக் காலோடு தோட்டத்துக்கு எப்படி வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீர் மாறிப் பாய்ச்சுவது என்று தரையைப் பார்த்துக் கேட்டார். அது எங்களைக் கேட்ட கேள்வி இல்லை. மனோன்மணி அக்கா அவருக்கு முன்னால் வந்து நின்றார்.

"நீங்கள் மூண்டு வீட்டிலை பொம்பிளை பாத்தனீங்கள். நான் ஒராளைத்தான் பாத்தனான். எனக்குக் கால் கணக்கில்லை, ஆள் வேணும். ஓமெண்டு சொல்லுங்கோ."

மூண்டுகடையர் ஓம் என்றார்.

அடுத்த நாள் காலையில் ஒப்பரேசன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கப்பண்ணியிருந்ததால் ஆள் விழிப்பாகத்தான் கிடந்தார். தள்ளிக்கொண்டு போகிற எக்ஸ்றே மெசினோடு நான் பக்கத்தில் நின்றேன். சேர்ஜன் கணுக்காலில் வெட்டி, பிட்டுக்குள் தேங்காய்ப்பூத் துருவலைத் தேடுவதுபோல நுணுக்கமாகத் தேடி, நூல் மாதிரி ஒரு குழாயை எடுத்து, மெல்லிய ஊசியால் மருந்தை விட்டார். நான் படத்தை எடுத்துக்கொண்டு இருட்டறைக்கு ஓடினேன். அந்த இருட்டில் நின்று நல்லூர் கந்தனையும் மடு மாதாவையும் ஒன்றாகக் கும்பிட்டேன். சைவக்காரனான என்னோடு மாதா கோபிக்கமாட்டா என்று நினைத்தேன்.

படம் காயும்வரை பொறுக்க முடியாமல் தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டுபோய்ப் பிடித்தேன். கணுக்காலிலிருந்து பாதத்துக்குள், மெலிந்ததுதான், ஆனால் ஓரிடத்திலும் அறுபடாமல் ஒரு வெள்ளைக் கோடு போனது. சேர்ஜன் பார்த்தார். முகமூடிக்கு மேலே கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார். திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"தம்பி, என்ன விலையாம்?"

"ஒரு றோட்டு இருக்கு அண்ணை."

"ஒண்டு போதும்" என்றார். பிறகு அழுதார். அவர் அழுவதை நான் பார்க்காததுபோல மெசினைத் துடைத்துக்கொண்டு நின்றேன், என் கண்ணையும் துடைக்கவேண்டியிருந்தது.

வெயில் ஏறி இறங்கும்வரை தைத்தார்கள். கறுத்த பெருவிரல் மட்டும் போனது. கால் நின்றது. வாட்டில் சத்தம் கேட்கிற குச்சியை வைத்தபோது, தேத்தண்ணி ஊதிய இடத்தில் உடுக்கு அடித்தது. சைக்கிளைச் சுற்றியது நான்தான் என்பதால் அந்தச் சத்தத்தில் எனக்கும் கொஞ்சம் உரிமை இருந்தது.

வீட்டுக்குப் போனபிறகு வாசிகசாலையில் இருந்து அவர் வழங்கிய தீர்ப்பு ஊர் முழுவதும் பிரசித்தம். சத்தம் மலிவு, படம் வடிவு, வெட்டிப் பார்க்கிறதுதான் உண்மை என்றார். எவருக்காவது கால் நொந்தால் டொக்டரிடம் போவதற்கு முதல் இவரிடம் வந்தார்கள். ஆனால் மூன்றையும் பார்க்கும்வரை விடாதே என்று வயிற்றுநோவு என்று வந்தவருக்கும் சொல்லியனுப்பியதுதான் எங்களுக்குத் தலையிடியாகிவிட்டது. சுருட்டை மட்டும் பற்றவைக்கவே இல்லை. வாயில் இருந்தது, அவ்வளவுதான். புகையிலைத் தோட்டத்தில் பாதியை வெங்காயத்துக்கு மாற்றினார். எந்த வெங்காயம் திறம் என்று மூன்று தோட்டத்தில் பார்த்துவிட்டுத்தான்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், இராணுவம் முன்னேறி வர, எங்கள் வலிகாமம் பகுதி முழுவதும் எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது வாசகர்களுக்குத் தெரியும். கொட்டுகிற மழை. றோட்டு நிறையச் சனம். முன்னால் நிற்பவர் நகர்ந்தால்தான் பின்னால் நிற்பவர் காலை எடுத்து வைக்கலாம். விடிந்து வெளிச்சம் வந்தபோது செம்மணி வெளியில் எனக்கு முன்னால் ஒரு தலை தெரிந்தது. வாயில் நனைந்த சுருட்டு. மனோன்மணி அக்கா ஒரு கையில் பையும் மறுகையில் அவருடைய முழங்கையுமாக நடந்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிட்டப் போய், மூட்டையை இறக்கிவிட்டு அவரைக் கரியரில் ஏற்றுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். தையல் போட்ட காலை ஒருதடவை நன்றாகப் பரீட்சித்துப் பார்க்கவேண்டுமாம்.

அந்த மழைக்குள்ளும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மூன்று றோட்டும் பார்க்காமல் எப்படிப் புறப்பட்டீர்கள் என்று கேட்டேன்.

"இருக்கிறது ஒண்டுதானே தம்பி" என்றார். "என்ரை காலுக்குள்ளையும் அப்பிடித்தான். அது இவ்வளவு நாளும் கொண்டுவந்து விட்டது."

அவர் நடந்தார். நின்று நின்று, ஆனால் நடந்தார். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தபோது பின்னேரமாகியிருந்தது. வகுப்பறை முழுவதும் ஈர உடுப்பும் குழந்தைகளின் அழுகையும். மூண்டுகடையர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு இடது காலை என் மடியில் தூக்கி வைத்தார். பாதம் வீங்கி, சேறு அப்பியிருந்தது. என்னிடம் குச்சியும் இல்லை, படமும் இல்லை, சைக்கிளைச் சுற்றவும் தெம்பில்லை. சேற்றைத் துடைத்துவிட்டு, கணுக்காலுக்கு உட்பக்கம் இரண்டு விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். வீட்டையும் வேலையையும் ஒன்றாக விட்டுவிட்டு வந்த அந்த நாளில், அந்தக் கால் துடிக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் நான் விரும்பவில்லை.

"இருக்கோ தம்பி?"

"இருக்கு அண்ணை."

அறையில் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஒரு நேர்ஸும் இருந்தார். மூண்டுகடையர் வேறு ஒருவரையும் கேட்கவில்லை. காலை என் மடியிலேயே விட்டுவிட்டு நித்திரையாகிவிட்டார்.